சதுரகிரி மலைப்பாதை ஓடைகளில் பாதுகாப்பு கேட்டு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
தாணிப்பாறை அடிவாரத்தில் டோலியும் தலைச்சுமையும் தூக்கும் தொழிலாளர்கள்

பெறுநர்:
உயர்திரு வன அலுவலர் அவர்கள்

பொருள்: மலைப்பாதை ஓடையைக் கடக்கும் மாங்கனி ஓடை, சங்கிலிப்பாறை ஆகிய இடங்களில் கயிறு கட்டக் கொண்டியும் (பாறையில் பதிக்கும் எஃகு வளையம்) நீர்மட்டக் குறியும் அமைக்க வேண்டுதல்.

பார்வை: இதே பொருளில் நேரிலும் தபாலிலும் முன்பு கொடுத்த மனுக்கள் (பதில் வரவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அடிவாரத்துத் தாணிப்பாறை கேட்டிலிருந்து மலைமேல் உள்ள சுந்தரமகாலிங்கம் கோயில் வரை தடம் எப்படிப் போகிறது என்பது தாங்கள் அறிந்ததே. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. தடம் முழுக்க ஒரே மாதிரி இல்லை என்பதை ஏறுகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. வழுக்குப்பாறை வரை சாதாரண நடை. அதற்கு மேல் சரளையும் வேரும். கோரக்கர் குகை, இரட்டை லிங்கம் பக்கம் நல்ல ஏற்றம். முட்டி வலி உள்ளவர்கள் ஏறிவிடுவார்கள், இறங்கும்போதுதான் உட்கார்ந்துவிடுவார்கள். கேட்டிலேயே ‘லேசு, நடுத்தரம், கடினம்’ என்று பகுதி பிரித்து ஒரு பலகை வைத்தால் போதும். சாப்டூர் வழியும் வருசநாட்டு வழியும் இதைவிடக் கடினம். செல்போன் படத்தில் கோடு தெரிகிறது என்று அந்தப் பக்கம் இறங்குபவர்கள் இருக்கிறார்கள். பிரியும் இடங்களில் பாறையில் அம்புக்குறி வேண்டும்.

2. ஓடைகள். முக்கியமாகக் கேட்பது இதைத்தான் ஐயா, தயவுசெய்து முழுதாகப் படிக்கவும்.

மலை உச்சியில் பெய்கிற மழை அடிவாரத்தில் தெரியாது. கீழே வெயில் காயும்போதே மேலே கொட்டும். சரிவு செங்குத்து, மண்ணை விடப் பாறை அதிகம், தண்ணீரை உறிஞ்ச ஒன்றுமில்லை. மதியத்துக்கு மேல் மேகம் கூடுவதால், காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை இறங்கும்போது இடுப்பளவு நிற்கும். தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் பின்னால் வெள்ளம் வருகிறது என்று அர்த்தம். எங்களுக்குத் தெரியும், மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் அமாவாசைக்கு வருகிற குடும்பத்துக்கு எப்படித் தெரியும்? 2015 மே மாதம் இந்த மலையில் திடீர் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது தங்கள் கோப்பிலேயே இருக்கும். மே மாதம், ஐயா. மழைக்காலம்கூட இல்லை.

வெள்ளம் வந்ததும் கேட்டைப் பூட்டுகிறார்கள். பூட்டினால் ஏறப் போகிறவரை நிறுத்தலாம். ஏற்கெனவே மேலே இருப்பவருக்கு அந்தப் பூட்டு என்ன செய்யும்? புலிகள் காப்பகம், இரவு தங்கக் கூடாது என்ற விதி நியாயமானதே. ஆனால் இருட்டுவதற்குள் இறங்கு என்று விரட்டினால் ஜனம் தண்ணீரில்தான் கால் வைக்கும்.

என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். இரு கரையிலும் பாறையைத் துளைத்துத் துருப்பிடிக்காத எஃகுக் கொண்டி பதிக்க வேண்டும், கரைக்கு இரண்டு. ஒன்று பிடுங்கினால் மற்றது தாங்கும். சாதாரண இரும்பு, பாறைக்குள் இறங்கும் இடத்திலேயே துருப்பிடித்து அறுந்துபோகும், மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். கயிறு 12 மில்லிமீட்டர் நைலான். தேங்காய்க் கயிறு நனைந்து நனைந்து இற்றுவிடும். நேர் குறுக்கே கட்டாமல், இறங்கிச் சேரும் கரைப்பக்கம் நீரோட்டத்தின் போக்கில் சற்றுச் சாய்த்துக் கட்ட வேண்டும். அப்போது தண்ணீரே ஆளை அக்கரைக்குத் தள்ளிக் கொடுக்கும். கயிற்றுக்குக் கீழ்ப்பக்கம் நின்று, வருகிற தண்ணீரைப் பார்த்தபடி பக்கவாட்டில் அடி வைக்க வேண்டும். ஆளைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. வழுக்கினால் அந்தக் கயிறே தண்ணீருக்குள் அமுக்கிவிடும். மீட்க வருபவர்கள் அவசரத்தில் இதைத்தான் செய்யப் போகிறார்கள்.

பாறையில் மூன்று கோடு: பச்சை கணுக்கால், மஞ்சள் கெண்டைக்கால், சிவப்பு முட்டி. சிவப்பு நனைந்தால் யாரும் இறங்கக் கூடாது. ஒரு டப்பா பெயின்ட் ஐயா! இதற்குமா ஒப்புதல் வர வேண்டும்?

3. மேல்கரையில் காத்திருக்க இடம் வேண்டும். காப்பகத்துக்குள் கட்டடம் கேட்கவில்லை. இரண்டு தார்ப்பாய், ஒரு வாக்கி டாக்கி, தண்ணீர் வடியும்வரை ஜனத்தை நிறுத்தி வைக்க ஒரு காவலர். மேலே மழை தொடங்கினால் கோயில் பக்கமிருந்து ஓடைக்கும் கேட்டுக்கும் தகவல் வர வேண்டும். இப்போது தகவலை முதலில் கொண்டுவருவது வெள்ளம்தான்.

4. பருவமழைக்குப் பிறகு வழுக்குப்பாறையில் படியும் பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்க ஆள் விடவும். நாங்களே வருகிறோம், கூலி கொடுத்தால்.

5. கொண்டியும் கயிறும். மறுபடியும் அதையேதான் கேட்கிறோம்.

பலகை, அம்புக்குறி எல்லாம் பிறகு வரட்டும். மாங்கனி ஓடைக்கும் சங்கிலிப்பாறைக்கும் மட்டுமாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன் கொண்டி பதித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். முடியாது என்றால் முடியாது என்றாவது எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
தாணிப்பாறை டோலி, தலைச்சுமைத் தொழிலாளர்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் பின்பக்கம்)