ஈரலுக்குள் எண்ணெய் செய்யும் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் வந்த ‘கொழுப்பு ஈரல்’ கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நாம் சாப்பிடும் எண்ணெய் அப்படியே ஈரலில் போய்ப் படிந்துவிடுகிறது என்பதே அதன் சாரம். செம்பனைத் தோட்ட மருந்தகத்தில் முப்பது ஆண்டுகள் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன் நான். இந்தப் பாதி விளக்கம் என்ன செய்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். எங்கள் பக்கத்து லயத்து அக்கா ஒருவர் ஈரலில் கொழுப்பு என்றதும் எண்ணெய்க்குப் பயந்து கெம்போங் மீன் குழம்பைக்கூட நிறுத்திவிட்டார். இனிப்பான டின் பால் ஊற்றிய தே தாரிக் தேநீரை மட்டும் நாளுக்கு நான்கு கிளாஸ் குடிக்கிறார்.

எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம் ஈரலுக்கு வெறும் எரிபொருள் அல்ல. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது ஓய வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. 1990இல் கண்டறியப்பட்ட ‘பிபிஏஆர் ஆல்ஃபா’ என்ற புரதத்தோடு அது சேர்ந்ததும், கொழுப்பை எரிக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு குறையத் தரப்படும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரையும் இதே புரதத்தைத்தான் தூண்டுகிறது.

‘எஸ்ஆர்ஈபிபி-1சி’ என்ற புரதத்தின் வேலை இதற்கு நேர் எதிர். கொழுப்பைப் புதிதாகத் தயாரிக்கும் மரபணுக்களை அது முடுக்கிவிடுகிறது. சீனி சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் ஏறினால் அதுவும் ஏறும். மீன் கொழுப்பிலுள்ள ஒமேகா-3 அதை அடக்கும். சீனி கூடினால் ஈரல் அந்தச் சீனியிலிருந்தே கொழுப்பு செய்கிறது. அப்படிச் செய்யும் முதன்மையான கொழுப்பு எது தெரியுமா? பால்மிடிக் அமிலம். எங்கள் வீட்டைச் சுற்றி நிற்கும் செம்பனையின் எண்ணெயில் ஏறக்குறைய 44 விழுக்காடு இருப்பதும் அதுதான். அந்த அக்கா அடுப்படியில் ஒதுக்கியதைத் தேநீர் வழியாக ஈரலே காய்ச்சிக்கொள்கிறது!

மரபணு பற்றிய இந்த அறிவில் பெரும்பகுதி எலிகளிலும் ஆய்வுக்கூட உயிரணுக்களிலும் கிடைத்தது. ஆனால் மனிதரிடமும் கொழுப்பின் வகை கணக்கில் வருகிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட சோதனையில் 39 இளையோர் ஏழு வாரம் கூடுதலாக மஃபின் சாப்பிட்டார்கள். ஒரு குழுவுக்குச் செம்பனை எண்ணெயில் செய்தது, மற்றதற்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரு குழுவினருக்கும் எடை ஒரே அளவில்தான் கூடியது. ஈரல் கொழுப்போ செம்பனைக் குழுவில் தெளிவாகவே அதிகம்.

செம்பனையைப் பழிப்பது என் நோக்கம் அல்ல. எங்கள் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட மரம் அது. இரண்டு ரிங்கிட் ஐம்பது காசு பாக்கெட் எண்ணெயை விட்டால் இங்குள்ள பல குடும்பங்களுக்கு வேறு வழியும் கிடையாது. அளவாக ஊற்றலாம், மீனைப் பொரிக்காமல் புளிக்குழம்பில் போடலாம், தேநீரில் சீனியையும் டின் பாலையும் குறைக்கலாம். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் முதலில் இதைக் கேட்க வேண்டும்.

அந்தக் கட்டுரையாளர் இன்னொரு முறை எழுதட்டும். அதில் சீனிக்கும் மீனுக்கும் இடம் கொடுங்கள். வந்ததும் வெட்டியெடுத்து அந்த அக்காவிடம் நானே கொண்டுபோய்ப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட டிரெசர்,
புக்கிட் ரோத்தான், கோல சிலாங்கூர்.