எது கொலம்பஸின் முகம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கடற்பயணக் கட்டுரை அருமை. ஆனால் அதோடு வந்த படத்துக்குக் கீழே ‘கிறிஸ்டோபர் கொலம்பஸ்’ என்று மட்டும் போட்டுவிட்டீர்கள். கறுப்புத் தொப்பி, மார்பில் வைத்த கை, சிரிப்பில்லாத உருண்டை முகம். நாம் பார்த்துப் பழகிய கொலம்பஸ் இவர்தான். ஆனால் இவர் கொலம்பஸ்தானா என்பதே உறுதியில்லை.

செபாஸ்டியானோ டெல் பியோம்போ வரைந்த இந்த ஓவியம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் ஆண்டு 1519. கொலம்பஸ் இறந்ததோ 1506இல். அவரை நேரில் பார்த்து வரைந்தது என்று உறுதியாகச் சொல்லத்தக்க படம் ஒன்றுகூட இல்லை. ‘படத்தின் மேலேயே லத்தீனில் அவர் பெயர் இருக்கிறதே’ என்று கேட்கலாம். அந்த வரிகளே பிற்பாடு யாரோ சேர்த்ததாக இருக்கலாம் என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு உண்டு. அருங்காட்சியகமும் ‘கொலம்பஸ் என்று சொல்லப்படுபவர்’ என்றுதான் தலைப்பு வைத்திருக்கிறது.

அவருடைய மகன் ஹெர்னாண்டோ அப்பாவின் அடையாளங்களை எழுதி வைத்திருக்கிறார்: நீண்ட முகம், வளைந்த மூக்கு, வெளிர்நிறக் கண்கள், முப்பது வயதிலேயே நரைத்துவிட்ட முடி. படத்தில் இருப்பவரின் உருண்டை முகத்தோடு இது எப்படிப் பொருந்தும்?

இத்தாலியின் கோமோ நகரில் பாவ்லோ ஜோவியோ சேர்த்து வைத்த புகழ்பெற்றோர் படங்களில் இருந்த கொலம்பஸ் வேறு மாதிரி. தொப்பி இல்லை, வயதும் கூடுதல். அந்தத் தொகுப்பைப் பார்த்து வரைய, 1552இல் கிறிஸ்டோஃபானோ டெல் அல்திஸ்ஸிமோ என்ற ஓவியரை ஃபிளாரன்ஸ் ஆட்சியாளர் கோசிமோ டி மெடிசி அனுப்பினார். அந்தப் பிரதிகள் இன்று உஃபிஸி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அப்புறம், பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் அதிலிருந்த கொலம்பஸ் பிரதிக்கும் ஒரு பிரதி வரையச் சொல்லி வாங்கித் தன் வீட்டில் மாட்டினார். பார்த்து வரைந்ததைப் பார்த்து வரைந்தே அந்த முகம் கடல் தாண்டியிருக்கிறது! 1893 சிகாகோ கண்காட்சியில் கொலம்பஸின் உருவம் என்று 71 படங்களை வைத்தார்களாம்.

படமே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. செபாஸ்டியானோவின் ஓவியம் அழகானது, தாராளமாகப் போடுங்கள். ஆனால் பிள்ளைகள் உங்கள் இதழிலிருந்து படத்தை வெட்டி, கீழே நீங்கள் போட்ட பெயரையும் அப்படியே புராஜெக்ட் நோட்டில் எழுதுகிறார்கள். அடுத்த முறை ‘கொலம்பஸ் எனக் கருதப்படுபவர், அவர் இறந்தபின் வரையப்பட்டது, 1519’ என்று போடுங்கள். ஒரு வரிக்கு இடம் இருக்கும்.

அன்புடன்,
வாசகர் ஒருவர், திருச்சி