ஹேண்டில்பாரின் உயரத்தைக் கடைக்காரர் முடிவு செய்யலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகச் சைக்கிள் வாங்குவோருக்கு வழிகாட்டும் வகையில் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, கியர், பிரேக், டயர் ஆகியவற்றைப் பற்றி விரிவாகவும் பயன்படும் முறையிலும் பேசியது. முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க்குடன் ஹேண்டில்பாரை இணைக்கும் ஸ்டெம்முக்கு மட்டும் ஒரே ஒரு வாக்கியம்தான் கிடைத்தது; பழைய முறை ஸ்டெம் உள்ள வண்டிகளைத் தவிர்த்துவிடலாம் என்று அதுவும் முடிந்துபோயிற்று. பள்ளிக்கும் வேலைக்கும் கடைத்தெருவுக்கும் அன்றாடம் சைக்கிளில் போகிறவர்களைப் பொறுத்தவரை அந்த ஆலோசனை பொருந்தாது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

இன்று கடைகளில் பெரும்பாலும் காணப்படுபவை இரண்டு வகை ஸ்டெம்கள். ஃபோர்க்கின் குழாய்க்குள் இறங்கி நிற்பது குவில் ஸ்டெம். அதன் அடிமுனையில் ஓர் ஆப்பு உண்டு. மேலிருந்து உள்ளே செல்லும் நீண்ட போல்ட்டை முறுக்கினால், அந்த ஆப்பு மேலேறிக் குழாயின் உட்சுவரோடு நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். அரசு பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டியிலும், பால்காரர்கள் ஓட்டும் கறுப்பு வண்டியிலும் நாம் பார்ப்பது இதைத்தான். இன்னொரு வகையில், ஃபோர்க்கின் குழாயே, சைக்கிள் சட்டத்தின் முன்முனையில் அதைத் தாங்கி நிற்கும் தலைக்குழாய்க்கு மேலே நீண்டு வரும். ஸ்டெம் அதை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும். குழாயில் மரை தேவைப்படாத இந்த அமைப்புக்கு ஜான் ரேடர் என்ற அமெரிக்கர் 1992-இல் காப்புரிமை பெற்றார். டயா-காம்பே நிறுவனம் அஹெட்செட் என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின், முதலில் மலைப்பாதைச் சைக்கிள்களும் பிறகு பந்தயச் சைக்கிள்களும் அதற்கு மாறின.

மாறியதற்குத் தக்க காரணம் உண்டு. வழக்கமான குவில் ஸ்டெம்மின் தண்டு 22.2 மி.மீ. தடிமனுக்குள் அடங்கியாக வேண்டும். கவ்வும் ஸ்டெம்மோ பெரும்பாலும் 28.6 மி.மீ. குழாயை வெளியே சுற்றிப் பிடிப்பதால், எடை குறைந்தும் எளிதில் வளைந்துகொடுக்காமலும் இருக்கிறது. எழுந்து நின்று மிதித்து மேடு ஏறுகிறவர் அந்த உறுதியைக் கைகளிலேயே உணர்வார். இதில் ஹேண்டில்பாரை முன்னாலிருந்து பிடித்திருக்கும் முன்மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினால் ஹேண்டில்பார் தனியே வந்துவிடும் என்பதும் பெரிய வசதி. பழைய குவில் ஸ்டெம்களில் கைப்பிடி உறை, பிரேக் லீவர் என்று ஒரு பக்கம் முழுவதையும் கழற்றி ஹேண்டில்பாரை உருவியெடுக்க வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மிதித்தே ஏறுவேன் என்பவர் கவ்வும் ஸ்டெம்மைத் தேர்ந்தெடுத்தால் எனக்கு மறுப்பில்லை.

வீட்டுச் சைக்கிளின் தேவை வேறு. ஒரே வண்டியைக் காலையில் அப்பாவும் மாலையில் மகளும் எடுத்துச் செல்லும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். வளரும் பிள்ளைக்கு வாங்கிய வண்டி, அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பிள்ளைக்கே தாழ்வாகத் தெரியும். குவில் ஸ்டெம்மில் உயரத்தை மாற்ற, மேல் போல்ட்டை இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, அதன் தலைமீது மரக்கட்டை ஒன்றை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் ஆப்பு விடுபடும். பிறகு வேண்டிய அளவுக்கு ஸ்டெம்மை இழுத்து, முன்சக்கரத்துக்கு நேர் பார்த்து, போல்ட்டை மீண்டும் முறுக்கினால் போதும். பேரிங்கைப் பிடித்து நிற்பது தனியான நட்டு என்பதால், அதைத் தொடவே வேண்டியதில்லை. தலைக்குழாய் பின்பக்கம் சாய்ந்திருப்பதால், உயர்த்த உயர்த்த ஹேண்டில்பார் ஓட்டுபவரை நோக்கியும் வரும்: 73 பாகைக் கோணமுள்ள வண்டியில் 3 செ.மீ. உயர்த்தினால் ஏறத்தாழ 9 மி.மீ. அருகில் வரும். குனிந்து ஓட்டினால் முதுகு வலிக்கிறது என்று சொல்லும் நடுத்தர வயதினருக்கு இந்தச் சிறு மாற்றமே பல வேளைகளில் போதுமானதாக இருக்கும்.

கவ்வும் ஸ்டெம்மில் உயரம் என்பது, குழாய் எவ்வளவு நீளமாக விடப்பட்டிருக்கிறதோ அதற்குள் அடங்கிய விஷயம். ஸ்டெம்முக்கு அடியில் உள்ள வளையங்களைக் கூட்டலாம், குறைக்கலாம். ஸ்டெம்மையே தலைகீழாகத் திருப்பிப் பூட்டலாம். 100 மி.மீ. நீளமும் 7 பாகைச் சாய்வும் உள்ள ஸ்டெம்மைத் திருப்பினால் 2 செ.மீ.க்குச் சற்று அதிகமாக உயரம் கிடைக்கும். அதுவும் போதாதென்றால், அதிகச் சாய்வுள்ள வேறு ஸ்டெம்மோ நீட்டிப்புக் குழாயோ வாங்க வேண்டும். குழாயை அறுத்துவிட்டாலோ, அதைத் திரும்ப நீட்ட வழியில்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகளுக்கு வாங்கிய கியர் சைக்கிளை, பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று, வளையங்களை எல்லாம் எடுத்துவிட்டுக் குழாயையும் ஒட்ட அறுத்தே கடையில் கொடுத்தார்கள். வளர்ந்த பெண் இப்போது பந்தயக்காரரைப் போலக் குனிந்து டியூஷனுக்குப் போய்வருகிறாள்.

பாதுகாப்பையும் இங்கே சொல்ல வேண்டும். பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வீடு வந்து சேரும் சைக்கிள்கள் பெருகிவிட்ட காலம் இது. கவ்வும் ஸ்டெம்மில் கண்ணுக்கு முதலில் தெரியும் மேல்மூடியின் போல்ட்டை மட்டும் பலம்கொண்ட மட்டும் முறுக்கிவிட்டு, ஹேண்டில்பார் இறுகிவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். அந்தப் போல்ட்டின் வேலை பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பது மட்டுமே. ஸ்டெம்மைப் பிடித்து நிறுத்துபவை பக்கத்தில் உள்ள போல்ட்டுகள். பக்க போல்ட்டுகளைத் தளர்த்திக்கொண்டு, ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் மேல்மூடியை முறுக்கி, நேர் பார்த்தபின் பக்க போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குவதுதான் முறை. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் ஸ்டெம்மிலேயே பொறித்திருக்கும். 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கமான அளவு. வேலை கடினமானதன்று, ஆனால் யாராவது சொல்லித்தர வேண்டும்.

குவில் ஸ்டெம் குறையற்றது என்று நான் சொல்லவில்லை. தண்டில் பொறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு அதை இழுத்துவிட்டால், தண்டு முறிந்துவிழும் ஆபத்து உண்டு. இரும்புக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு கிரீஸ் இல்லாமல் பல ஆண்டுகள் கிடந்தால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களில் இது இன்னும் விரைவாக நேரும். ஆண்டுக்கு ஒரு முறை, ஓவராயில் செய்யும்போதே தண்டைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் தடவிவிட்டால் இந்தத் தொல்லை வராது. கேபிளுக்குப் பதிலாக வளையாத இரும்புக் கம்பிகளால் இயங்கும் பிரேக் உள்ள கறுப்பு வண்டிகளில் ஹேண்டில்பாரை உயர்த்தினால் பிரேக் கம்பிகளையும் சரிசெய்தாக வேண்டும் என்பதால், அவற்றில் உயரத்தை மாற்றுவது அத்தனை எளிதும் அன்று.

முன்மூடியின் வசதி மட்டும் போதும் என்பவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. கீழே 22.2 மி.மீ. தண்டும் மேலே 28.6 மி.மீ. கழுத்தும் கொண்ட அடாப்டரைப் பழைய வண்டியில் இறக்கி, அதன்மேல் கவ்வும் ஸ்டெம்மைப் பூட்டிக்கொள்ளலாம். வாங்கும் முன் ஹேண்டில்பாரின் நடுப்பகுதி 25.4 மி.மீ.யா, 31.8 மி.மீ.யா என்று அளந்துகொள்ள வேண்டும். இந்த அளவு பொருந்தாமல் போனால், எத்தனை முறுக்கினாலும் ஹேண்டில்பார் சரியாக நிற்காது.

எனவே, பல பேர் ஓட்டும் வண்டிக்கும் வளரும் பிள்ளையின் வண்டிக்கும் குவில் ஸ்டெம்மைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம் என்று தங்கள் கட்டுரையாளர் மறுமுறை எழுதும்போது சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். கவ்வும் ஸ்டெம் உள்ள வண்டியைத்தான் வாங்குவது என்று முடிவுசெய்தவர்கள், குழாயை அறுக்க வேண்டாம் என்று பணம் கட்டும் முன்பே கடையில் சொல்லிவிட வேண்டும். மிஞ்சும் வளையங்களை ஸ்டெம்முக்கு மேலே அடுக்கி மூடியைப் பூட்டிக்கொள்ளலாம். பார்ப்பதற்குச் சற்று நீட்டிக்கொண்டிருக்கும், ஓட்டுவதற்கு ஒரு தடையும் இராது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி