வியாசர்பாடிப் பிள்ளைகளின் சார்பில் ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும்,

உள்ளரங்கில் ஆடும் குட்டிக் கால்பந்துதான் ஃபுட்சால்; அதற்கான தொடரான பிரீமியர் ஃபுட்சாலின் முதல் சீசன் ஜூலை 24ஆம் தேதி கோவாவில் முடிந்தது. பெனால்டி வரை போன இறுதிப் போட்டியில் கொச்சியை வென்று மும்பை கோப்பையை எடுத்துக்கொண்டது. நம் சென்னை அணி அரையிறுதிக்குக்கூடப் போகவில்லை. ஆனாலும் என்னிடம் பந்து பழகும் பதினான்கு பிள்ளைகளுக்கு 2016 என்றால் இனி இந்தச் சீசன்தான். அதைச் சாத்தியமாக்கியவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் டிக்கெட் வாங்கித் தந்த பேப்பர் கடை அண்ணாச்சிக்கு. விலையைக் கேட்டதும் நான் ஆசையை விட்டுவிட்டேன். "புள்ளைங்க பாக்காம யார் பாக்குறது?" என்று நீங்கள் கல்லாவைத் திறந்தீர்கள். பாதிப் பணத்தையாவது திருப்பித் தருகிறேன் என்றபோது நீங்கள் கோபப்பட்டது எனக்கு மறக்காது.

ஜூலை 15, வெள்ளிக்கிழமை. கடைசிப் பீரியடுக்கு அனுமதி தந்த தலைமை ஆசிரியைக்கு நன்றி அம்மா. ஜீவா ஸ்டேஷனில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, ரிப்பன் கட்டடத்தைத் தாண்டி நடந்தோம். நேரு உள்விளையாட்டரங்கத்துக்குள் நுழைந்ததும் வாயாடிப் பிள்ளைகள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரு பக்கம் மும்பைக்கு மான்செஸ்டர் யுனைடெட் புகழ் ரயன் கிக்ஸ். எங்கள் பக்கம் பிரேசிலின் ஃபல்காவோ.

அவருக்கு இந்தத் தமிழ்க் கடிதம் போய்ச் சேராது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். 39 வயது, உலகின் சிறந்த ஃபுட்சால் வீரர் என்று நான்கு முறை தேர்வானவர், 2008, 2012 இரண்டு உலகக் கோப்பைகளை வென்றவர். இதெல்லாம் பிள்ளைகளுக்கு அன்று தெரியாது. அவர்கள் பார்த்தது அவருடைய பாதத்தை. பந்தை உள்ளங்காலுக்கு அடியில் வைத்து உருட்டி, இழுத்து, ஒரு முழ இடத்தில் திரும்பினார். என் பக்கத்திலிருந்த பெண் பிள்ளை என் கையைப் பிடித்து, "அண்ணா, இது நாம சந்துல ஆடுற ஆட்டம்!" என்றாள்.

அந்த வார்த்தையோடுதான் பத்து நாளாக இருக்கிறேன். இத்தனை வருடமும் நான் இவர்களிடம் சொல்லிவந்தது ஒன்றே: பெரிய கிரவுண்டு கிடைக்கட்டும், அப்போதுதான் நிஜ ஃபுட்பால். பைக்கும் தண்ணீர்க் குடமும் வழிமறிக்கும் தெருவில் இவர்கள் கற்றதையெல்லாம் குறையாகவே பார்த்தேன். ஆனால் ஃபுட்சால் களமே அப்படித்தான்: நாற்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், பக்கத்துக்கு ஐந்து பேர், அதிகம் எகிறாத சின்னப் பந்து. இடம் இல்லாததுதான் அந்த ஆட்டத்தின் உயிரே. அன்று நாங்கள் தோற்றோம். ரயிலில் யாரும் அழவில்லை. ஆளுக்கு ஆள் காலி பாட்டிலை உள்ளங்காலால் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே அரங்கத்துக்குப் போனோம். பிரேசில் நட்சத்திரம் ரொனால்டினோ கோவாவுக்காக பெங்களூருக்கு எதிராக ஐந்து கோல் போட்டார். அதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதாது. கூச்சலில் தொண்டை கட்டிய பிள்ளைகளை இரவு வீடு வீடாக இறக்கிவிட்ட ஷேர் ஆட்டோ அண்ணனுக்கு நன்றி. பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை நீங்கள்.

நம் ஊர்களிலிருந்து போய் இந்தப் பெரிய பெயர்களுக்கு நடுவே ஆடிய இந்திய வீரர்களுக்குத் தனியாக நன்றி. கைதட்டல் உங்களுக்குக் குறைவாகவே கிடைத்தது. என் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் நடித்துக்காட்டியது உங்களையும்தான்.

நான்கு பெண் பிள்ளைகளையும் இருட்டிய பிறகு என்னை நம்பி அனுப்பிய தாய்மார்களே, அந்த நம்பிக்கை எவ்வளவு பெரியதென்று எனக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தை முகூர்த்தமில்லாத நாட்களில் ஆடத் திறந்துவிட்ட பெரியவருக்கும் நன்றி. சுவரில் ஒரு கறைகூடப் படாமல் பார்த்துக்கொள்கிறோம்.

கடைசியாக, இரண்டு நாளும் பதினைந்து பேருக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொடுத்த இட்லிக்கடை அக்காவுக்கு. தூக்குவாளி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. வெறும் வாளியாகத் திருப்பித் தரக்கூடாது என்று பிள்ளைகள் காசு சேர்க்கிறார்கள். வரும் ஞாயிறு கொண்டுவருவார்கள், கடையில் இருங்கள் அக்கா.

அன்புடன்,
பிள்ளைகளின் கோச்
வியாசர்பாடி, சென்னை