பந்து வரும் முன்னே திரும்பிப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையின் வள்ளவிளைக்காரன். சென்னை சீனியர் டிவிஷன் கால்பந்து லீக்கில் ஒரு கிளப்புக்கு நடுக்களத்தில் ஆடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமையோடு தொடர்ந்து 7 ஆட்டங்களில் முதல் 11-ல் என் பெயர் வந்துவிட்டது. வெளியே இருந்து பார்த்தால் ஏழு ஆட்டம் ஒன்றும் பெரிய கணக்கில்லை. ஆனால் இரண்டு சீசன் பெஞ்சில் உட்கார்ந்து, 75-ஆவது நிமிஷத்தில் எழுந்து கோட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டே இருந்து, கடைசியில் இறங்காமலேயே ஜெர்சியைக் கழற்றி வைத்த நாட்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டுக்குத் தெரியும். ஊரிலிருந்து வாழ்த்து அனுப்பிய எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, அதனால் இங்கே மொத்தமாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அம்மா அப்பாவிலிருந்து தொடங்குவதுதான் முறை. அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வேறு ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். எந்த இடத்துக்காக நான் இரண்டு வருஷம் காத்திருந்தேனோ அந்த இடத்தில் ஆடிக்கொண்டிருந்த அண்ணன் அவர். வியாசர்பாடிக்காரர், வயது 33. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

நான் வந்த புதிதில் அவர்மேல் எனக்கு அன்பெல்லாம் இல்லை. உண்மையைச் சொல்கிறேன். டிஃபென்ஸுக்கு முன்னால் நிற்கும் அந்த ஆறாம் நம்பர் இடத்துக்கு ஒரே ஒரு ஆள்தான் வேண்டும், அது அவர். அவர் இருக்கும்வரை எனக்கு வழியில்லை என்றுதான் நினைத்தேன். முதல் சீசன் முழுக்க அவரிடம் சரியாகப் பேசக்கூட இல்லை.

இரண்டாவது சீசன் தொடக்கத்தில் ஒரு நாள் பயிற்சி முடிந்து எல்லாரும் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருக்கும்போது அவராகவே வந்தார். "டேய் தம்பி, நீ மணல்ல ஆடி வளர்ந்தவன் தானே?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "பந்தைத் தேடிப் போற நீ. டர்ஃப்ல பந்து உன்னத் தேடி வரும்டா, நீ போகத் தேவையில்ல" என்றார்.

கடப்புறத்தில், அதாவது கடற்கரை மணலில், ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். மணலில் பந்து உருளாது, நாலடி போய் நின்றுவிடும். அதனால் நாம் பந்தை நோக்கி ஓடிப்போய், கால் நுனியால் கோரித் தூக்கி அடிப்போம். கண் முழுக்கப் பந்திலேயே இருக்கும். டர்ஃபில் தண்ணீர் தெளித்த பிறகு பந்து வழுக்கிக்கொண்டு வரும் வேகமே வேறு. நேராக முகம் கொடுத்து நின்று வாங்கினால் திரும்புவதற்குள் பின்னால் ஒருத்தன் வந்து முட்டுவான். எனக்கு அப்படித்தான் ஆட்டத்துக்கு ஏழெட்டு முறை பந்து பறிபோய்க்கொண்டிருந்தது. உடம்பு பலம் போதவில்லை என்று நினைத்து நான் ஜிம்மில் எடை தூக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து காலை 6 மணிக்கே வரச்சொன்னார். செய்தது இவ்வளவுதான். சுவருக்கு எதிரே நான் நிற்பேன், எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி அவர் நிற்பார். நான் பந்தைச் சுவரில் அடிக்கவேண்டும். அது திரும்பி என் காலுக்கு வருவதற்குள் நான் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்து, அவர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று சொல்லவேண்டும். மூன்று என்றால் மூன்று. சொல்லிவிட்டு, பக்கவாட்டில் நின்று தூரத்துக் காலால் பந்தை வாங்கித் திரும்பவேண்டும். முதல் வாரம் விரலைப் பார்த்தால் பந்து போய்விடும், பந்தைப் பிடித்தால் விரல் தவறிவிடும். இரண்டும் சேர்ந்து வர ஐந்து வாரம் ஆனது. அப்புறம் அவர் ஒரே இடத்தில் நிற்பதை விட்டுவிட்டு வலதும் இடதுமாக நகர ஆரம்பித்தார். "பந்து கால்ல பட்டப்புறம் பாக்காத. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ பாத்திருக்கணும்." தினமும் இதே வாக்கியம்.

அவருக்கு இதில் என்ன லாபம் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஆட்டமும் இன்னும் இரண்டோ மூன்றோ வருஷம்தான், தன் இடத்துக்கு வரப்போகிறவனைத் தானே காலையில் எழுந்து வந்து தயார்செய்கிறார். ஒரு நாள் கேட்டேவிட்டேன். "எனக்கும் ஒருத்தர் சொல்லிக்குடுத்தாருடா" என்று மட்டும் சொன்னார், வேறொன்றும் பேசவில்லை.

அந்த ஏழில் முதல் ஆட்டத்துக்கு முந்தைய இரவு கோச் குரூப்பில் அணியைப் போட்டார். அவர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர். அதற்குக் கீழே முதலில் கைதட்டியவர் அவர்தான். மறுநாள் நேரு ஸ்டேடியத்தில் உடை மாற்றும் அறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எதிரணியின் 10-ஆம் நம்பர்காரனைப் பற்றிச் சொன்னார். அவன் இடதுகால்காரன், வலதுபக்கம் போவதுபோல உடம்பைக் காட்டுவான், ஏமாறாதே என்றார். 63-ஆவது நிமிஷத்தில், ஏற்கெனவே மஞ்சள் அட்டை வாங்கியிருந்த என்னை வெளியே எடுத்துவிட்டு அவரை இறக்கினார்கள். கோட்டில் என் கையைப் பிடித்து, "நல்லா ஆடின. செகண்ட் ஹாஃப்ல இடதுபக்கம் பாக்கவே இல்ல நீ" என்றார். இரண்டும் உண்மை.

அண்ணா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். ரொம்ப நன்றி.

கோச் சாருக்கு நன்றி சொல்லவேண்டியது வேறு ஒரு காரணத்துக்காக. இரண்டாவது சீசனின் பாதியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, நான் ஏன் அணியில் இல்லை என்று கேட்டேன். இப்படிக் கேட்டால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதற்கு முன் வேறொரு அணிக்கான ஆள் தேர்வில் மூன்று நாள் வெயிலில் நிற்கவைத்து, பெயரைக்கூடக் கேட்காமல் அனுப்பியதையும் பார்த்தவன் நான். இவர் உட்காரவைத்துப் பேசினார். "உன் பாஸ்ல குறையே இல்ல. பந்து நம்மகிட்ட இல்லாதப்ப நீ எங்க நிக்கிற? அத மட்டும் எனக்குக் காட்டு" என்றார். அதோடு எங்கள் இரண்டு ஆட்டங்களின் வீடியோவைக் கொடுத்து, பந்தைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்க்கச்சொன்னார். பார்த்தேன். ஓரத்தில் டிஃபென்ஸ் ஆடும் நம் ஃபுல்பேக் மேலே ஏறிப்போகும்போது அந்தக் காலி இடத்தை மூடவேண்டியவன் நான், ஒவ்வொரு முறையும் கோல் அடிக்கும் ஆசையில் நானும் மேலே போயிருக்கிறேன். யாரும் சொல்லாமலேயே விடை கிடைத்துவிட்டது. காரணத்தைச் சொன்ன மனுஷனுக்கு நான் எப்போதும் கடன்பட்டவன்.

ஐந்து பேரை மாற்றலாம் என்ற விதிக்கும் ஒரு நன்றி உண்டு. கொரோனா காலத்தில், 2020-ல், தற்காலிகமாகக் கொண்டுவந்து 2022-ல் நிரந்தரமாக்கினார்கள். பழையபடி மூன்றுதான் என்று இருந்திருந்தால் பெஞ்சில் இருந்த எனக்கு அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷங்கள்கூடக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

காயம்பட்ட கதை ஊரில் பாதிப் பேருக்குத்தான் தெரியும். போன வருஷம் தொடையின் பின்பக்கம் சுரீரென்று பிடித்தது. முதலில் காட்டிய இடத்தில் சாதாரணப் பிடிப்பு, பத்து நாளில் சரியாகும் என்றார்கள். பத்தாவது நாள் ஓடினேன், மறுபடி அதே இடம், இன்னும் மோசமாக. ஊருக்கு வந்து மார்த்தாண்டம் பக்கம் ஒரு வர்ம ஆசானிடம் போனோம். எத்தனையோ பேருக்குக் கைகால் சரிசெய்தவர், தடவிவிட்டு காசு வாங்கியிருக்கலாம். அவர் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "மக்களே, இது நான் எண்ணெ போட்டுத் தடவுனா தீருத காரியம் இல்ல, தசை கீறியிருக்கு, போய் ஸ்கேன் எடு" என்று சொல்லி அனுப்பினார். காசும் வாங்கவில்லை. ஸ்கேனில் அப்படியேதான் இருந்தது. ஆசானே, உங்களை அன்றைக்குச் சரியாகக் கும்பிடக்கூட இல்லை. கவலையில் இருந்தேன்.

அதற்குப் பிறகு பெரியமேட்டு ரூமில் என்னோடு தங்கியிருக்கும் நண்பன். நோர்டிக் என்று ஒரு பயிற்சி உண்டு. முழங்காலில் நின்றுகொள்ளவேண்டும், ஒருவர் பின்னால் கணுக்காலை அழுத்திப் பிடிக்கவேண்டும், நாம் உடம்பை நேராக வைத்து முன்னால் மெல்ல மெல்லச் சாயவேண்டும், விழாமல் தாங்குவது முழுக்கத் தொடையின் பின்தசைதான். காலைப் பிடிக்க ஆள் இல்லாமல் செய்வது கஷ்டம். அவன் ஹோட்டல் வேலை முடித்து இரவு 11 மணிக்கு வருவான், கால் கடுத்துப்போயிருக்கும், ஆனாலும் சட்டைகூட மாற்றாமல் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். நாலு மாசம். கால்பந்தில் அவனுக்கு ஆர்வமே கிடையாது, ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது. அவன் கை பிடித்த அழுத்தத்தில்தான் என் கால் இன்று ஓடுகிறது.

கீழே மெஸ் நடத்தும் அக்கா எனக்கென்று இரண்டு அவித்த முட்டையை மூடி எடுத்துவைப்பார். ஒரு மாசம் காசு கொடுக்க முடியாதபோதும் வைத்தார். நன்றி அக்கா.

இனி ஊர். நம் கரையில் விளையாட இடம் எவ்வளவு குறைந்துபோனது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் சின்னப் பையனாக ஓடிய மணலில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்டது, மீதியில் கல் கிடக்கிறது. கடலரிப்பைத் தடுக்கக் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவுக்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும் கொஞ்ச மணலில் நேரம் பார்த்து, அலை பார்த்து ஆடினோம். கோல் போஸ்ட்டுக்கு இரண்டு துடுப்பு. அப்படிப்பட்ட இடத்திலும் சின்னப் பிள்ளைகளுக்கென்று மாலை ஐந்தரை மணியை ஒதுக்கிக்கொடுத்து, பெரியவர்களை இறங்கவிடாமல் காவல் நின்ற அண்ணன்மார் உண்டு. அவர்கள் இன்றைக்கு ஆழ்கடலில் இருக்கிறார்கள், கரைக்கு வந்து சிக்னல் கிடைக்கும்போது இதைப் படிக்கட்டும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்துபோன பிறகு அந்தக் கிறிஸ்மஸுக்கு எங்கள் தெருவில் யாரும் பந்தைத் தொடவில்லை. எனக்குப் பந்தைப் பாஸ் பண்ணச் சொல்லிக்கொடுத்த கைகளில் சில அந்தப் புயலோடு போய்விட்டன. அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவர்கள் வீட்டு அம்மாமாருக்குச் சொல்கிறேன்.

பக்கத்து இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் அண்ணனுக்கும் நன்றி, அவருக்கு என்னைத் தெரியாது. 2019-ல் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் நம் கரையிலிருந்து ஒருவர், அதுவும் நடுக்களக்காரர், இந்திய ஜெர்சியில் நின்றதைப் பார்த்த பிறகுதான் நம்மாலும் முடியும் என்று வீட்டில் வாய்விட்டுச் சொன்னேன். அடுத்த வருஷம் ஐஎஸ்எல் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் வெளியேறியதையும் பார்த்தேன். என் தொடை கிழிந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

அக்கா, நர்ஸ் வேலையின் முதல் சம்பளத்தில் நீ எடுத்துத்தந்த பூட்ஸின் அடிப்பாகம் பிய்ந்துவிட்டது. தூக்கிப் போடவில்லை, பெட்டிக்குள் இருக்கிறது.

அம்மா. ஒவ்வொரு ஆட்டத்தன்றும் இரவு மீன் விற்று வந்து களைப்போடு போன் எடுத்து ஒரே கேள்வி கேட்பாள். "மக்களே, இண்ணைக்கு இறக்குனாவளா?" இரண்டு வருஷம் பெரும்பாலும் இல்லை என்றே சொன்னேன். இல்லை என்றதும் ஒரு நொடிகூட இடைவெளி விடாமல், "செரி, வயிறு நெறயத் தின்னியா?" என்று அடுத்ததற்குப் போய்விடுவாள். அந்த ஒரு நொடியை அவள் எனக்குத் தெரியாமல் எப்படி விழுங்கினாள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அன்றைக்கு முதல்முறையாக ஆமாம், தொடக்கத்திலிருந்தே ஆடினேன் என்றபோது அம்மா எதுவும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை.

அப்பா அப்போது தங்கலில், அதாவது பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் மீன்பிடியில், இருந்தார். முப்பது நாளுக்கு மேல் கழித்து கொச்சி தோப்பும்படி ஹார்பரில் போட் கட்டிய பிறகுதான் அவர் போனுக்கு சிக்னல் வந்தது. அக்கா அனுப்பியிருந்த நாலு ஆட்டத்து வீடியோவையும் போட்டில் இருந்த எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், மீன் இறக்குவதற்கு முன்னாலேயே. போட்டுக்காரரும் ஒன்றும் சொல்லவில்லையாம். அப்பா என்னைக் கூப்பிட்டு, "நீ பந்து வாங்குததுக்கு முன்ன என்னத்துக்கு ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பிப் பாக்க?" என்று கேட்டார். வியாசர்பாடி அண்ணனைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "கிறிஸ்மஸுக்கு வரும்போ அவனையும் கூட்டிட்டு வா, நல்ல சூரை வச்சுத் தாறேன்" என்றார்.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். குடும்பத்தோடு வருகிறாராம். டிசம்பர் 23 இரவு எழும்பூரில் அனந்தபுரி, மறுநாள் குழித்துறையில் இறங்குகிறோம். கிறிஸ்மஸ் டூர்னமென்டில் எங்கள் தெரு அணிக்கு அவரையும் இறக்கலாமா என்று கமிட்டி அண்ணன்மார் பார்த்துச் சொல்லுங்கள். மணலில் அவருக்கு நான் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

சனிக்கிழமை அடுத்த ஆட்டம். அதுவரை தினமும் காலை 6 மணிக்குச் சுவருக்கு எதிரே நிற்பேன், பின்னால் அண்ணன் நிற்பார்.