ரிமோட் கையில் இருந்தால்

அன்புள்ள கல்யாணிக்கு,

தீபாவளி கழிந்து உன் கடிதம் வந்தது. முழங்கால் பரவாயில்லை என்று படித்ததில் நிம்மதி. மாடிப்படி மட்டும் ஏறாதே, சொல்லிவிட்டேன். இங்கே ஐப்பசி மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டது. செல்லூர்ப் பக்கம் தண்ணீர் நின்றதை டிவியில் பார்த்திருப்பாய். எங்கள் தெரு தப்பித்தது.

சண்டைப் படத்துக்குத்தான் தியேட்டர், மற்றதையெல்லாம் ஒரு மாதம் பொறுத்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாயே, எனக்கு இந்த வருஷம் அது தலைகீழாகத்தான் படுகிறது. சத்தம் போடுகிற படத்தை அவரைக்காய் உரித்துக்கொண்டே பார்த்துவிடலாம். சத்தமே இல்லாத படத்தை வீட்டில் பார்க்கவே முடியவில்லை.

ஆகஸ்டில் ‘கொட்டுக்காளி’ போனேன். ‘வாழை’ வந்த அதே நாளில் வந்த படம். பாவம், கூட்டமெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. எங்கள் வரிசையில் நானும் மருமகளும் மட்டும்தான். படத்தில் பின்னணி இசை என்று ஒன்று கிடையாது. வேற்றுச்சாதிப் பையன்மேல் ஆசைப்பட்ட பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறதென்று சொல்லி, குடும்பமே ஒரு சேவலோடு ஆட்டோவிலும் பைக்கிலும் சாமியாடியிடம் கூட்டிப் போகிறது. கதை அவ்வளவுதான். ஆட்டோ உறுமுவதும், சேவல் படபடப்பதும், தொண்டை கட்டிப்போன சூரி கரகரவென்று கத்துவதும்தான் காதில் விழும். அந்தப் பெண்ணாக வரும் அன்னா பென் வாயே திறப்பதில்லை என்று சொல்லலாம். ஆனால் அவள் உட்கார்ந்திருக்கிற விதத்திலேயே, இத்தனை பேர் சேர்ந்தும் அவளை ஒன்றும் செய்ய முடியவில்லை என்று தெரிந்துவிடுகிறது. ஆட்டோவை வந்த பக்கமே திருப்ப ஆண்கள் எல்லோரும் சேர்ந்து அதை அப்படியே தூக்குவார்கள். அவள் உள்ளேயே இருப்பாள். இறங்கு என்று ஒருவனுக்கும் சொல்லத் தோன்றாது! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்கும். மீசை வைத்த அத்தனை பேரும் விழிக்க, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாள்.

முடிவை இயக்குநர் வினோத்ராஜ் நம் கையில் விட்டுவிட்டார். விளக்குப் போட்டதும் பின்னாலிருந்து ஒருவர், “என்னப்பா, முடிஞ்சிருச்சா?” என்றார். எனக்கென்னவோ அதைவிட நல்ல விமர்சனம் கிடைக்காது.

இதே படத்தைப் போன மாதம் வீட்டில் போட்டேன். குக்கர் விசில், வாசலில் கேஸ்காரர், நடுவில் பேரனுக்குக் கார்ட்டூன். அரை மணி நேரத்தில், “ஒண்ணுமே நடக்கலையேம்மா” என்று மகன் எழுந்து போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அதில் ஒன்றும் நடக்காதுதான்.

‘மெய்யழகன்’ முதல் வாரமே தியேட்டரில் பார்த்துவிட்டேன், 18 நிமிஷத்தை வெட்டுவதற்கு முன்னால். நீளம் என்று புலம்பினார்கள், அதனால் குறைத்தார்களாம். எனக்கு ஒரு நிமிஷம்கூட உறுத்தவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் தஞ்சாவூர்ப் பக்கமே வராத அரவிந்த்சாமி நீடாமங்கலத்துக்குக் கல்யாணத்துக்கு வருகிறார். கார்த்தி “அத்தான், அத்தான்” என்று ஒட்டிக்கொள்கிறார், இவருக்கோ அவர் யாரென்றே தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். எத்தனை கல்யாணத்தில் நாம் அப்படி, “என்னைத் தெரியுதா?” என்பவர்களிடம் அசடு வழிந்திருக்கிறோம்! தியேட்டர் இருட்டில் அந்தக் கூச்சத்தை அவரோடு சேர்ந்து ராத்திரி முழுக்கச் சுமக்க வேண்டியிருந்தது, தப்பிக்க வழியில்லை. வீட்டில் என்ன ஆனது தெரியுமா? பத்தாவது நிமிஷம் மகன் போனில் தேடி, கார்த்திக்குப் படத்தில் என்ன பெயர் என்று சொல்லிவிட்டான். போச்சு. மேடையில் அரவிந்த்சாமி கல்யாணப் பெண்ணான தங்கைக்கு ஒவ்வொரு நகையாக எடுத்துக் கொடுக்கும் காட்சி மட்டும் வீட்டிலும் தப்பித்தது. மகன் தலையைக் குனிந்துகொண்டு போனைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தான். ‘போறேன் நா போறேன்’ பாட்டில் கமல் குரல் வந்தபோது எனக்கு நம் பழைய வீடுதான் நினைவு. உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

‘லப்பர் பந்து’ எங்கே பார்த்தாலும் சரி. விஜயகாந்த் பாட்டு வந்தால் வீடே தியேட்டராகிவிடுகிறது. ஆண்கள் கிரிக்கெட் மட்டையை வைத்துக்கொண்டு முறைத்துக்கொள்வதைவிட, ஸ்வாசிகாவும் அவள் மாமியாரும் வருகிற இடங்கள்தான் எனக்கு உசத்தி. ‘அமரன்’ ராணுவக் கதை, தீபாவளிக்குக் குடும்பத்தோடு போனோம். சாய் பல்லவிக்காக அழுதேன், துப்பாக்கிச் சத்தத்தில் தலைவலி வந்தது.

பொங்கலுக்கு நீ வருவாய்தானே? ஒரு நாள் மத்தியானக் காட்சிக்கு நாம் இருவர் மட்டும் போவோம், மகனெல்லாம் வேண்டாம். அதற்குள் ‘கொட்டுக்காளி’யை வீட்டில் போட்டுவிடாதே. ஆசையை அடக்க முடியாவிட்டால், எல்லோரும் தூங்கின பிறகு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பார். கடைசியில் சூரி என்ன செய்வான் என்று உனக்குத் தோன்றுகிறதோ, அதை எழுது. நான் ஒன்று நினைக்கிறேன், மருமகள் வேறொன்று சொல்கிறாள், இன்னும் தீரவில்லை.

அன்புடன்,
உன் விஜயா
மதுரை