பதினொரு குச்சிகள் போதும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மாற்றல் உத்தரவு வந்துவிட்டதில் எனக்கும் நிம்மதி. நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மெக்கானிக்கல் பிள்ளைகளையும் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகளையும் ஒரு பருவம் சேர்த்து வேலை வாங்க வேண்டுமென்றால், நெதர்லாந்துக் கலைஞர் தியோ யான்சனின் நடக்கும் காலைக் கொடு. அவர் டெல்ஃப்டில் இயற்பியல் படிப்பை முடிக்காமல் ஓவியத்துக்குப் போனவர். 1990 முதல் கடற்கரையில் பிளாஸ்டிக் குழாய் விலங்குகளை நடக்கவிடுகிறார்.

முதல் வாரம் அட்டையில் ஒரே ஒரு கால். கிராங்க், அதாவது சுற்றும் கை, 15 அலகு. நிலையான அச்சு அது சுற்றும் மையத்திலிருந்து கிடையாக 38, கீழே 7.8. கிராங்க் முனையிலிருந்து மேல் முக்கோணத்துக்குப் போகும் குச்சி 50, கீழ் முக்கோணத்துக்குப் போவது 61.9. மேல் முக்கோணம் 41.5, 40.1, 55.8. கீழ் முக்கோணம் 36.7, 65.7, 49. இரண்டு முக்கோணங்களையும் நிலையான அச்சையும் இணைக்கும் குச்சிகள் 39.3, 39.4. பாதத்தில் பென்சிலைக் கட்டிச் சுற்றினால், கோட்டின் அடிப்பக்கம் கிட்டத்தட்ட நேராக வர வேண்டும். அங்கே கோடு வயிறு தள்ளினால் ஏதோ ஒரு துளை இடம் மாறியிருக்கிறது.

இங்கேதான் கலை உள்ளே வர வேண்டும், கடைசியில் பெயின்ட் அடிக்க அல்ல. ஒரு நீளத்தை வேண்டுமென்றே மாற்றி வரையச் சொல். நொண்டுகிற நடைதான் வேண்டும் என்று ஓவிய மாணவி கேட்கட்டும். எந்தக் குச்சியைத் தொட்டால் அது வரும் என்று மற்றவன் தேடட்டும். அந்தச் சண்டையில் நீ தலையிடாதே.

பிறகு மின்கம்பி விடும் பிவிசி கான்டுயிட் பைப். ஓர் அலகுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால், நுனிக்கு விடும் அதிகத்தையும் சேர்த்து ஒரு காலுக்கு 2.7 மீட்டர், அதாவது மூன்று மீட்டர் பைப் ஒன்று. பன்னிரண்டு காலுக்குப் பதினான்கு வாங்கு. மேலே சொன்னதெல்லாம் துளை மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள அளவு. பிள்ளைகள் அதையே வெட்டும் நீளமாக எடுத்துக்கொள்வார்கள். குச்சிக்கு 30 மில்லிமீட்டர் கூட்டி வெட்டச் சொல். நுனியை ஹீட் கன்னால் இளக்கித் தட்டையாக்க வேண்டும், திறந்த இடத்தில். நெருப்பில் காட்டினால் கருகி அமிலப் புகை வரும். இரண்டு நுனியும் ஒரே தளத்தில் தட்டையாகாவிட்டால் கால் முறுக்கிக்கொள்ளும்.

அதிகம் கெடுவது கிராங்க் தண்டு. அதன் ஒவ்வொரு முனையிலும் முன்கால் ஒன்று, பின்கால் ஒன்று. ஆக நான்கு குச்சிகள் ஏறும். முனை குட்டையானால் உரசும். பக்கத்துக்கு மூன்று முனைகளும் 120 பாகை தள்ளி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு குதிக்கும். வெல்டிங் சூட்டில் கோணம் இழுத்துக்கொள்ளும் என்பதால் பலகையில் ஆணியடித்துப் பிடித்துத்தான் வைக்க வேண்டும். போல்ட்டுக்கு நைலாக் நட்டு (தானாகக் கழலாத நட்டு) போட்டு, குச்சி தன் எடையிலேயே தொங்கும் அளவுக்குத் தளர்த்திவிடு. துணி போர்த்த ஆசைப்படுவார்கள். சட்டத்தில் மட்டும் கட்டட்டும், குச்சியில் கட்டினால் கிராங்கில் சுற்றிக்கொள்ளும்.

மோட்டாருக்குப் பழைய வைப்பர் மோட்டார் போதும், 12 வோல்ட். ஆனால் முதலில் கையால் சுற்றி நடத்திப் பார்க்காமல் மோட்டாரை மாட்டவிடாதே. மதிப்பெண் தாள் இரு துறைக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். உங்கள் முதல்வர் ஒப்புக்கொண்டாரா என்று எழுது.

அன்புடன்,
கதிர்